தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

பையனுக்கு 10 மாதம், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான், மாமனார் மாமியாரோடு ஊரில் பெரிய வீடு, பின்னால் கிணறும் தோட்டமும் இருக்கிறது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும், வாக்கர் வாங்கலாமா, கடையில் விற்கிற பாதுகாப்புச் சாமான் எல்லாம் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான்களுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் எழுந்து போய் பாத்ரூமில் பக்கெட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கொட்டிவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்சாக இருக்கிறேன். அங்கே வருகிற ஒவ்வொரு தாயிடமும் யாராவது ஒருவர், பெரும்பாலும் கூட வந்த சொந்தக்காரரே, "குழந்தையைப் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று கேட்பார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே ஆத்திரம் வரும். அடுப்பில் பால் பொங்கும், வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிடுவார், பெரியவளுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். எந்த மனுஷியாலும் நாள் முழுக்க ஒரு குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க முடியாது. அதனால் "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதை நான் ஒரு அறிவுரையாகவே சொல்வதில்லை. நீங்கள் இரண்டு நிமிடம் பார்க்காமல் இருந்தாலும் உயிர் போகாத மாதிரி வீட்டை மாற்றி வையுங்கள் என்பதுதான் நான் சொல்வது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

வங்காளதேசத்தில் குளம் குட்டை வீட்டை ஒட்டியே இருக்கும். அங்கே தண்ணீரில் மூழ்கி இறந்த சின்னக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தபோது பெரும்பாலானவை காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் நடுவில் நடந்தவை என்று தெரிந்தது, அதாவது அம்மா சமையலில் இருக்கிற நேரம், அப்பா வேலைக்குப் போயிருக்கிற நேரம். அந்த நேரத்துக்கு மட்டும் ஊரிலேயே ஒரு பெண்ணைப் பொறுப்பாக வைத்துக் குழந்தைகளை ஓரிடத்தில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், அங்கே வந்த குழந்தைகள் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருப்பது பெரிய பாக்கியம், ஆனால் நான்கு பேர் இருக்கிற வீட்டில் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று நான்கு பேருமே நினைக்கிற நிமிடம் ஒன்று வரும், கல்யாணம் காதுகுத்து என்று வீடு நிறைய ஆள் இருந்தால் இன்னும் மோசம். சமையல் நேரத்துக்கு ஒரு ஆள் என்று பேசி வையுங்கள். "அத்தை, பையன் உங்களிடம்" என்று வாய்விட்டுச் சொல்லி, அவர் "சரிம்மா" என்று சொன்ன பிறகு நகருங்கள். தலையாட்டலையோ ஜாடையையோ நம்பாதீர்கள்.

இப்போது தண்ணீர். இந்த வயதுக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். பக்கெட்டின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது தலை முன்னால் போய்விட்டால் அதைத் திரும்ப மேலே தூக்கக் கையில் பலம் கிடையாது, பக்கெட்டும் தண்ணீர் கனத்தில் சாயாமல் நிற்கும். நான்கு விரல் உயரத் தண்ணீர் இருந்தாலே மூக்கும் வாயும் மூழ்கிவிடும். கத்தும், கைகால் அடிக்கும், சத்தம் கேட்டு ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் எந்தச் சத்தமும் வராது. ஊரில் தண்ணீர் விட்டு விட்டு வரும், பிடித்து வைக்காமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பிடித்து வைக்கிற அண்டாவுக்கும் டிரம்முக்கும் குழந்தையால் தள்ள முடியாத மூடி போடுங்கள், தட்டு வைத்து மூடினால் போதாது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு கொக்கி அடியுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும், நான் இந்தப் பதிலில் சொல்லப்போகிற எல்லாவற்றையும் விட அது முக்கியம். சம்ப் மூடி உடைந்திருந்தாலோ, மோட்டார் போடுகிறவர் திறந்தபடி விட்டுப் போகிற பழக்கம் இருந்தாலோ இன்றைக்கே சரிசெய்து பூட்டுப் போடுங்கள். குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும், போயே ஆக வேண்டும் என்றால் குழந்தையையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டே போங்கள்.

பின்னால் இருக்கிற கிணறுதான் எனக்குக் கவலை. கைப்பிடிச் சுவர் இருந்தால் மட்டும் போதாது, இரண்டு வயதில் அதன் மேல் ஏறுவான். மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள், சுவரை ஒட்டிக் கல், துவைக்கிற பலகை, கவிழ்த்த பானை என்று ஏறுவதற்குத் தோதாக எதுவும் கிடக்கக் கூடாது. தோட்டத்தில் பழைய ஆழ்துளைக் கிணறு ஏதாவது கைவிட்டுக் கிடக்கிறதா என்று மாமனாரைக் கேளுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், நான்கு நாள் தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்ததும், கடைசியில் உடலைத்தான் எடுக்க முடிந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. கைவிட்ட துளையை மண், கல் போட்டு அடிவரை நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறை சொல்லிவிட்டது. மேலே சாக்கைப் போட்டு ஒரு கல்லை வைப்பது மூடுவது ஆகாது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாலும் விடாதீர்கள், பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்து மூட வையுங்கள்.

தப்பித் தவறித் தண்ணீரில் விழுந்து மூச்சில்லாமல் எடுத்தால், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் செய்ய விடாதீர்கள். சுற்றி நிற்கிறவர்கள் செய்யச் சொல்வார்கள். போகவேண்டியது காற்று. தலையை நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி நெஞ்சு லேசாக எழும்புகிற அளவு ஊதுங்கள், அப்புறம் நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள், ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, எங்காவது முதலுதவிப் பயிற்சி நடந்தால் நீங்களும் கணவரும் அரைநாள் ஒதுக்கிப் போய்விட்டு வாருங்கள்.

அடுத்து சூடு. எங்கள் வார்டில் வெந்து போய் வருகிற குழந்தைகளில் நெருப்பு பட்டு வருகிறவர்களை விடக் கொதிக்கிற தண்ணீர், ரசம், பால், டீ கொட்டி வருகிறவர்கள் அதிகம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடிக்கவே கூடாது, போட்டுக் கால் மணி நேரம் ஆன டீகூட அந்தத் தோலைப் புண்ணாக்கும். இறக்கின சாம்பாரையும் வடித்த கஞ்சியையும் தரையில் வைப்பது நம் வீடுகளில் சாதாரணம், உங்கள் பையன் தரையில்தான் இருக்கிறான், அதனால் அவனுக்கு நான்கு வயது ஆகும்வரை சூடான எதுவும் தரைக்கு வரக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். மேடையில் வைத்தாலும் சுவர் ஓரமாகத் தள்ளி வையுங்கள், தோசைக்கல் பிடி, குக்கர் பிடி எல்லாம் உள்பக்கம் பார்க்கட்டும். சாப்பாட்டு மேசையில் தொங்குகிற விரிப்பு வேண்டாம், ஒரு இழுப்பில் எல்லாம் தலையில் வரும். குளிக்க வெந்நீர் விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் வெந்நீர், கடைசியில் முழங்கையை விட்டுப் பார்ப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு இந்த வீட்டில் இருக்கவே வேண்டாம், ஒரே பக்கெட்டில் கரண்ட், கொதிநீர், மூழ்குவது என்று மூன்று ஆபத்து. கரண்ட் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். சார்ஜர் வயரை சுவிட்சை அணைக்காமல் தொங்க விட்டால் நுனி நேராக வாய்க்குப் போகும்.

வெந்துவிட்டால் குழாயைத் திறந்து ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும், குழந்தை அலறும், பாட்டி டூத் பேஸ்ட்டோடு வந்து நிற்பார், அப்போதும் விடாதீர்கள். பெரிய பரப்பு வெந்திருந்தால் மற்ற உடம்பு குளிர்ந்துபோகாமல் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். நனைந்த துணியையும் கொலுசு வளையலையும் கழற்றிவிடுங்கள், ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காதீர்கள். முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, இல்லை அவன் உள்ளங்கையை விடப் பெரிய இடம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, வாயில் போவது. இந்த வயதில் உலகத்தையே வாயில் வைத்துத்தான் பார்ப்பான், அதை நிறுத்த முடியாது. தொண்டையில் சிக்குகிறதில் முதல் இடம் நிலக்கடலைக்குத்தான், அப்புறம் பொட்டுக்கடலை, சுண்டல், சீதாப்பழக் கொட்டை, சப்போட்டா கொட்டை, புளியங்கொட்டை, முழுத் திராட்சை. தாத்தா அன்பாக வாயில் ஒரு கடலை போடுவதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். நான்கைந்து வயது வரை முழுக்கடலை வேண்டாம், பொடித்துக் கொடுக்கலாம். சிக்கிக்கொண்டால், இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கிறவரை ஒன்றும் செய்யாதீர்கள், இருமலே வெளியே தள்ளும். சத்தம் நின்று முகம் நீலமாகிறது என்றால், உங்கள் பையன் வயதில் இருக்கிற குழந்தையைத் தொடை மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக இருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு, வரவில்லை என்றால் திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் 5 அழுத்து, மறுபடி தட்டு. ஒரு வயதுக்கு மேல் என்றால் நெஞ்சுக்குப் பதில் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போகும்.

பட்டன் பேட்டரி தனிக் கதை. ரிமோட், விளையாட்டு பொம்மை, கார் சாவி, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை, எல்லாவற்றிலும் அந்த வட்டப் பேட்டரி இருக்கிறது. அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் எச்சிலோடு சேர்ந்து கரண்ட் ஓடி, 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்து ஓட்டை போடத் தொடங்கிவிடும். பேட்டரி காணோம், குழந்தை எச்சில் வடிக்கிறது, சாப்பிட மாட்டேன் என்கிறது என்றால் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், தேன் வாங்குவதற்காக வண்டியை நிறுத்த வேண்டாம். உங்கள் பையனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை, அவனுக்குத் தேனே கூடாது.

விஷம் என்றால் எல்லோரும் பூச்சி மருந்தைத்தான் நினைக்கிறார்கள். பூஜை அறைக் கற்பூரத்தை யாரும் நினைப்பதில்லை. பார்க்கக் கல்கண்டு மாதிரியே இருக்கிறது, எட்டுகிற உயரத்தில் தட்டில் கிடக்கிறது, ஒரு சின்னக் கட்டியே சில நிமிடங்களில் வலிப்பைக் கொண்டுவரும். நீலகிரித் தைலமும் அப்படித்தான், சளிக்கு என்று அதை வாயில் தடவவோ குடிக்க வைக்கவோ கூடாது. துணியில் போடுகிற அந்துருண்டை சில குழந்தைகளுக்கு, ஜி-6-பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறவர்களுக்கு, ரத்த அணுக்களை உடைத்துவிடும், பீரோவில் மடித்து வைத்த பழைய துணியை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவதால்கூட வரலாம். எலிக்கு வைக்கிற பேஸ்ட் மருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டைத் தின்ற குழந்தை முதல் நாள் நன்றாகத்தான் விளையாடும், ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. டீசல், தின்னர், பினாயில் எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். எதைக் குடித்திருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மண்ணெண்ணெய் வகையறா வாந்தியில் மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகும். பாட்டிலையோ டப்பாவையோ கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், எங்களுக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும். தோட்டத்தில் அரளி, ஆமணக்கு, காட்டாமணக்கு இருந்தால் காய் கொட்டுகிற இடத்தில் அவனை விடாதீர்கள்.

மாமியாரோடு சண்டை வராமல் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது நல்ல பழக்கம், அதைத் தாராளமாகத் தொடரட்டும். மூக்கில் எண்ணெய் விடுவதும், ஊதி எடுப்பதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும்தான் வேண்டாம், அந்த எண்ணெய் நுரையீரலில் தங்கி ஆறாத நிமோனியாவாக மாறும். கழுத்தில் கறுப்புக் கயிறோ தாயத்தோ இருந்தால் இடுப்புக்கோ கைக்கோ மாற்றிவிடலாம், திருஷ்டியும் கழியும், கழுத்தையும் இறுக்காது. தூளியை இப்போதே நிறுத்திவிடுங்கள், எழுந்து நிற்கிற குழந்தை அதிலிருந்து தலைகுப்புற விழும். இன்னொன்று, தூளிச் சேலையை அவிழ்க்காமல் தொங்க விட்டால் பெரிய பிள்ளைகள் அதில் ஆடுவார்கள், சேலை முறுக்கிக் கழுத்து இறுகி இறந்த பிள்ளைகளின் செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. குழந்தை இறங்கியதும் சேலையும் இறங்க வேண்டும். படுக்கத் தரையில் பாயும் மெல்லிய மெத்தையும் போதும், தலையணை வேண்டாம், கொசுவலையை ஓரம் செருகி விடுங்கள், கிராமத்தில் அது கட்டுவிரியனுக்கும் தடுப்பு.

மாடிப்படிக்கு மேலும் கீழும் தடுப்பு வேண்டும். மொட்டை மாடிக் கதவு எப்போதும் பூட்டி இருக்க வேண்டும். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் வலை அடியுங்கள், அதன் அருகில் நாற்காலியோ பூந்தொட்டியோ வேண்டாம். 2024-இல் சென்னைப் புறநகரில் மாடியிலிருந்து தவறிக் கூரைத் தகட்டில் சிக்கிய கைக்குழந்தையை அக்கம்பக்கத்தார் காப்பாற்றியதை எல்லோரும் வீடியோவில் பார்த்தார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தத் தாயை முகம் தெரியாதவர்கள் எல்லாம் திட்டித் தீர்த்தார்கள், சில வாரங்களில் அவர் உயிரோடு இல்லை. இதற்காகத்தான் ஆரம்பத்திலேயே அந்தக் கேள்வியைப் பற்றி எழுதினேன்.

வெளியே போகும்போது பெரிய ஆபத்து பைக்தான். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைப்பதும், பின்னால் இருக்கிறவர் ஒரு கையில் பிடித்திருப்பதும், திடீர் பிரேக்குக்கு நிற்காது. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டை, அளவான ஹெல்மெட், வண்டி வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குள் என்று மத்திய அரசு விதி 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, பலருக்குத் தெரியவே தெரியாது. கூடிய மட்டும் ஒன்றரை இரண்டு வயது வரை பஸ்ஸிலோ காரிலோ போங்கள். காரில் முன் சீட்டு மடி வேண்டவே வேண்டாம், பின் சீட்டில் பின்நோக்கிப் பொருத்துகிற குழந்தை இருக்கை வாங்குங்கள். வீட்டில் நிற்கிற காரைப் பூட்டியே வையுங்கள், 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நின்றுகொண்டிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் மூச்சடைத்து இறந்தார்கள். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்னால் குழந்தை யார் இடுப்பில் இருக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

நாய் கடித்தாலும் பல்லோ நகமோ லேசாகக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்றெல்லாம் நீங்களே முடிவு செய்யாதீர்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்கிற உடனடி எதிர்ப்பு மருந்தும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இனி சாமான். வாக்கர் வேண்டாம், உட்கார வைத்து உருட்டுகிற அந்த வண்டியைத்தான் சொல்கிறேன். கனடாவில் 2004-லிருந்து அதை விற்கவே தடை, காரணம் படியில் உருண்டு விழுவதும், எட்டாத அடுப்புக்கு ஒரு நொடியில் போய்ச் சேர்வதும்தான், நடக்கவும் அது சீக்கிரம் கற்றுத் தராது. நின்று தள்ளிக்கொண்டு போகிற மர நடைவண்டி வாங்கிக் கொடுங்கள், சமதரையில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது தள்ளட்டும். மேசை மூலைக்கு ஒட்டுகிற ரப்பர், சத்தம் போடுகிற செருப்பு, படுக்கையில் மூச்சைக் கணக்கெடுக்கிற கருவி எதற்கும் செலவழிக்காதீர்கள். வாங்க வேண்டியவை இவைதான்: படிக்குத் தடுப்பு, பிளக் மூடி, பீரோவையும் டிவியையும் சுவரோடு இறுக்கும் கொக்கி, சம்ப்புக்கு நல்ல பூட்டு, கிணற்றுக்கு வலை. கையில் இருக்கிற காசை இந்த வரிசைக்கு நேர்த் தலைகீழாக, கிணற்றிலிருந்து தொடங்கிச் செலவழியுங்கள்.